இருபத்தைந்து கிலோ சத்தம்

ஊரில் எல்லோருக்கும் தலைக்கு இரண்டு காது இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் கிதார் கேட்பதற்கென்று அரசாங்கக் காது தனியாக வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவானுக்குத் தோன்றியிருக்கிறது. அவர் யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். அரசாணையில் அவர் பெயர் இல்லை. வாரியத்தின் பெயர்தான் இருக்கிறது: மின்கிதார் ஒலித் தூய்மை மற்றும் மெய்மை வாரியம். மூன்று மாடிக் கட்டடம், நாற்பத்து மூன்று ஊழியர்கள், வாசலில் ஆள் உயரத்துக்குச் சிமென்டில் ஒரு காது. மழை பெய்தால் அந்தக் காதில் தண்ணீர் தேங்கும். அதை இறைத்து ஊற்றுவதற்கு மட்டும் ஒரு நிரந்தரப் பணியிடம் உண்டு.

இந்த வாரியத்திடம் போய் வசமாக மாட்டிக்கொண்டவர் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வயது ஐம்பத்திரண்டு. வாயில்லாப் பூச்சி என்று அக்கம்பக்கத்தில் பெயர். வாரம் முழுக்க ஃப்ரிட்ஜுக்கு கேஸ் நிரப்புவார், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நகர அரங்கத்தில் கிதார் வாசிப்பார். பாடுவது அவருடைய மனைவி. அந்த அம்மாளுக்குப் பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை. டிரம்ஸ் அடிப்பது அந்த அம்மாளின் தம்பி, மெத்தைக் கடைக்காரர். ஆக மொத்தம் மூன்று பேர், ஒரே குடும்பம், பத்தொன்பது வருஷக் கச்சேரி.

இந்தக் குடும்பத்தில் ஒரு ரகசியம் இருந்தது. பஸ்ஸில் வரும் அறுபத்திரண்டு பிள்ளைகளில் யார் எந்த முனையில் ஏறும், யாருக்கு வாந்தி வரும், எது பையை மறந்துவிட்டு இறங்கும் என்று அத்தனையும் அந்த அம்மாளுக்கு அத்துப்படி. ஆனால் மேடை ஏறினால் இரண்டாவது சரணம் மறந்துபோகும். எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி, மறப்பது இரண்டாவது சரணம்தான். மறந்தவுடன் இடது தோள் கொஞ்சம் மேலே ஏறும். மெக்கானிக்கின் கண் எப்போதும் அந்தத் தோள் மேல்தான் இருக்கும். தோள் ஏறியதோ இல்லையோ, அவர் கிதாரில் ஒரு நெளிவு சுளிவான சங்கதியைப் போட்டு இழுப்பார். வரி ஞாபகம் வரும்வரை இழுப்பார். தோள் இறங்கும், பாட்டு தொடரும். ஜனங்களுக்கு அது பாட்டின் அழகு. "அந்த இடத்துல நிறுத்தி ஒரு ஏக்கம் காட்டுறீங்களே, அடடா!" என்று ஒரு ரசிகர் வருஷா வருஷம் வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்.

பதினேழு வருஷம் மெக்கானிக் வைத்திருந்தது, கிதார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பழைய வால்வு ஆம்ப். உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் ஆரஞ்சு நிறத்தில் எரியும். முப்பது கிலோ கனம். அதைத் தூக்கிக்கொண்டு அரங்கத்துப் படி ஏறி ஏறி அவருடைய முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவிவிட்டது. "இன்னொரு தடவை இதை நீங்க தூக்கினா, அப்புறம் உங்களை நாலு பேர் தூக்கணும்" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதனால் ஒரு டிஜிட்டல் பெட்டி வாங்கினார். டிபன் பாக்ஸ் அளவுதான். அதை ஆம்ப்போடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒயரால் கட்டிப்போட்டு, முன்னால் ஒரு மைக்கையும் வைத்தார். பெட்டி 'பீப்' என்றது, 'கீய்ங்' என்றது, 'புர்ர்ர்' என்றது. ஆம்ப் அதையெல்லாம் எப்படித் திருப்பிச் சொல்கிறது என்று கேட்டுக் கேட்டு, சாயங்காலத்துக்குள் அந்த ஆம்ப் மாதிரியே பேசக் கற்றுக்கொண்டது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "இதுல எது எதுங்க?" என்று கேட்டாள். மெக்கானிக்குக்கே தெரியவில்லை. மறு வாரம் ஆம்ப்பைப் பழம்பொருள் கடைக்கு விற்றுவிட்டார். அதன்பின் இரண்டு வருஷம் முதுகும் நன்றாக இருந்தது, பாட்டும் நன்றாக இருந்தது.

அது யாருக்குப் பொறுக்கவில்லையோ, அரங்கத்து வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். 'அடுத்த சனிக்கிழமை முதல், வாரியத்தின் சான்று பெறாத கிதார் ஒலியைப் பொது அரங்குகளில் எழுப்பக் கூடாது. சான்று பெறாதோர் இடத்தில் சான்று பெற்ற கலைஞரை வாரியமே அனுப்பி வைக்கும்.'

அரங்கத்து மேனேஜர் கையைப் பிசைந்தார். "நான் என்ன சார் பண்றது? எனக்கு டிஜிட்டல், வால்வு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. அதை வெளிய சொன்னா என் காதைப் பரிசோதனைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க."

வீட்டில் அந்த அம்மாள் சேதியைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "வேற யாரோ வந்து வாசிச்சா, எனக்கு மறந்துடுச்சுன்னா என்னங்க பண்றது?"

"எழுதி வச்சுக்கிட்டுப் பாடேன்."

"எழுதினதை எங்க வச்சேன்னு மறந்துடும்."

"விடுக்கா, நான் டிரம்ஸ்ல சமாளிக்கிறேன்" என்றார் தம்பி.

"உனக்கு ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாதுடா. போன வருஷம் நீ சமாளிச்சதுல பாதி ஜனம் எழுந்து வீட்டுக்குப் போயிடுச்சு." பிறகு புருஷனைப் பார்த்து, "எனக்கு அந்த சான்றிதழ் எல்லாம் தெரியாது. சனிக்கிழமை என் இடது பக்கத்துல நீங்கதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டாள். மெக்கானிக் தலையாட்டினார். பத்தொன்பது வருஷமாக நின்ற இடத்தை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்க அவருக்கும் மனசில்லை.

திங்கட்கிழமை காலையில் வாரியத்துக்குப் போனார். தரைத்தளத்தில் எடைப் பிரிவு. மூட்டை நிறுக்கிற தராசு ஒன்று, அதன் பின்னால் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடியோடு ஒரு குமாஸ்தா.

"என்ன இது, சாப்பாட்டு டப்பாவா? கேன்டீன் பின்பக்கம் இருக்கு."

"இதுதான் சார் ஆம்ப். டிஜிட்டல்."

குமாஸ்தா சூடான பாத்திரத்தைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு இரண்டு விரலால் பெட்டியைத் தராசில் தள்ளினார். ஒன்று புள்ளி நான்கு.

"இருபத்தஞ்சு கிலோவுக்குக் கீழ வர்றதை நாங்க சத்தம்னே சொல்றதில்லை. பேச்சுன்னு சொல்லுவோம்."

"சத்தத்துக்கு எடை ஏது சார்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. இந்த சீட்ல நான் இருபத்திரண்டு வருஷமா இருக்கேன். இதுவரைக்கும் ஒரு கிதாரைக் கேட்டதில்லை. கேக்கறதெல்லாம் மூணாவது மாடி. ஆனா முள்ளு எங்க நிக்குதுன்னு பார்த்தாப் போதும், எனக்கு உடம்பு சிலிர்த்துடும். ஒரு தடவை ஒருத்தர் அறுபது கிலோ கொண்டுவந்தார். நான் அழுதுட்டேன். அப்புறம் பார்த்தா அது பீரோ."

மெக்கானிக் பொறுமையாக டாக்டர் சீட்டை எடுத்து நீட்டி, கனம் தூக்கக் கூடாது என்பதைச் சொன்னார். குமாஸ்தாவின் முகம் மலர்ந்தது.

"முதுகு வலியா? அதை முதல்லயே சொல்லக் கூடாதா! நல்ல சத்தத்துக்கு முக்கியமான ஆதாரமே முதுகு வலிதான். தனியா அதுக்குப் பத்து மார்க் இருக்கு." பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "இந்த வலி இந்தப் பெட்டியைத் தூக்கித்தானே வந்தது?"

"இல்லை சார். பழசைத் தூக்கி."

"அப்போ செல்லாது."

வாதம் செய்யத் தெரியாத மனிதர்கள் வேறு வழியைத்தான் தேடுவார்கள். மெக்கானிக் அன்றைக்கே தன் பட்டறையில் கிடந்த இரண்டு பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர்களை எடுத்து, ஒரு மரப்பலகையில் போல்ட் போட்டு முடுக்கி, நடுவில் டிஜிட்டல் பெட்டியை வைத்துக் கட்டினார். செவ்வாய்க்கிழமை மச்சினன் அதைச் சுமந்து வந்து தராசில் இறக்கினார். இருபத்தாறு புள்ளி இரண்டு.

"பார்த்தீங்களா, ஒரே நாள்ல உங்க சத்தம் எவ்வளவு தேறிடுச்சு!" என்று குமாஸ்தா முத்திரையைக் குத்தினார்.

முதல் மாடி வெப்பப் பிரிவு. அங்கே ஓர் அதிகாரியம்மாள், கையில் தெர்மாமீட்டர். முப்பத்தெட்டு டிகிரிக்குக் கீழே இருந்தால் அது இசை இல்லை, வெறும் கணக்கு என்பது அவருடைய துறையின் கொள்கை. பெட்டி இருபத்தேழில் நின்றது. மெக்கானிக்கின் மனைவி அடுத்த நாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பஸ் எஞ்சின் மூடி மேல் அந்தப் பலகையை வைத்து, ஊரை இரண்டு சுற்று சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தாள். நாற்பத்து நாலு டிகிரி. அதிகாரியம்மாள் உள்ளங்கையைப் பெட்டி மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன உருக்கம்! என்ன குழைவு! வாசிச்சது யாரு?"

"இன்னும் யாரும் வாசிக்கலைங்க" என்றார் மெக்கானிக்.

"வேண்டவே வேண்டாம். வாசிச்சுக் கெடுத்துடாதீங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது மாடி இரைச்சல் பிரிவு. சும்மா இருக்கும்போது உறுமாத ஆம்ப் நம்பத்தக்கதல்ல என்று விதி. அங்கிருந்த அதிகாரி பெட்டி மேல் காதை வைத்தார், தட்டினார், மறுபடியும் காதை வைத்தார். அவருக்கு ஏதோ துக்கம் விசாரிக்க வந்த முகம்.

"சும்மா இருக்கும்போது இது என்னதான் பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது சார். அமைதியா இருக்கும்."

"ஒண்ணுமேவா? எப்படிங்க ஒரு பொருள் சும்மா இருக்கும்போது சத்தம் போடாம இருக்கும்? நான் போடுறேன். எங்க டைரக்டர் போடுறார். இந்த ஆபீஸே சும்மா இருக்கும்போதுதான் அதிகமா சத்தம் போடும். வேலை இருக்கிற நாள்ல வந்து பாருங்க, ஊசி விழுந்தா கேக்கும்."

மெக்கானிக் குனிந்து இரண்டு கம்ப்ரஸர்களுக்கும் பிளக்கைச் சொருகினார். 'ம்ம்ம்ம்ம்' என்று அறையே அதிர்ந்தது. மேஜை மேல் இருந்த டம்ளர் நகர்ந்து போய்க் கீழே விழுந்தது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்றபடியே முத்திரை குத்தினார்.

மிச்சம் மூன்றாவது மாடி. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகக் கேட்பு. மறுநாள் கச்சேரி என்பதால் மனைவியும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தாள்.

உயரமான மேடையில் மூன்று நாற்காலிகள். இளநிலைச் செவி, முதுநிலைச் செவி, தலைமைச் செவி என்று பதவிவாரியாக மூவர். ஆறு காதுகளிலும் பஞ்சு. கண்ட கண்ட சத்தத்தைக் கேட்டு அரசுச் சொத்து தேய்ந்துவிடக் கூடாது அல்லவா? கேட்பு தொடங்கும்போது ஒரு பணியாளர் வெள்ளித் தட்டோடு வந்து, பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து, தட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டு போனார். இரு பக்கமும் சிவப்பு வெல்வெட் திரை தொங்கியது. அதைப் பார்த்ததும் மெக்கானிக்குக்கு உயிர் வந்தது. திரைக்குப் பின்னால் வைத்து வாசித்தால் தன் பெட்டிக்கும் வால்வுக்கும் வித்தியாசம் தெரியாதே!

"திரையை எப்ப சார் மூடுவீங்க?" என்று கேட்டார்.

மூன்று செவிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தலைமைச் செவி தொண்டையைச் செருமினார்.

"மூடுறதா? பார்க்காம எப்படிங்க கேக்க முடியும்? அந்தத் திரைக்கு ஒரு சோக வரலாறு இருக்கு. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு கெட்ட எண்ணம் பிடிச்ச இன்ஜினியர், எங்க பதினொரு முதுநிலைச் செவிகளையும் உட்கார வச்சு, திரையை மூடி, பின்னால ஒண்ணை வாசிச்சுக் காட்டினான். பதினொரு பேரும் நூத்துக்கு நூறு போட்டாங்க. ரெண்டு பேர் மயக்கம் போட்டாங்க. திரையைத் திறந்தா உள்ள இருந்தது ஒரு செல்போன். அன்னைக்கே விசாரணைக் கமிஷன் போட்டோம். ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணித் தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சோம்."

"எங்க சார்?"

"திரையில. அதை நிரந்தரமாத் திறந்து கட்டினதுல இருந்து எங்க காது ஒரு தடவைகூடத் தப்பு பண்ணினதில்லை."

பிறகு பக்கவாட்டில் இருந்த கண்ணாடிப் பேழை மேலிருந்த துணியை இளநிலைச் செவி பயபக்தியோடு விலக்கினார். உள்ளே ஒரு பழைய வால்வு ஆம்ப், முன்பக்க வலைத்துணி கழற்றப்பட்டு, ஸ்பீக்கர் தெரியும்படி வீற்றிருந்தது. "இதுதான் ஆதார ஒலி" என்றார் முதுநிலைச் செவி. "நாட்டுல இருக்கிற ஒவ்வொரு கிதாரும் இதோட ஒப்பிட்டுத்தான் பாஸ் ஆகுது. ஸ்பீக்கர் தாள்ல அந்தச் சிவப்பு வளைவு தெரியுதா? இதைச் செஞ்ச மகா கலைஞன் தன் கையால போட்ட முத்திரை. அந்தச் சிவப்பாலதான் இதோட குரல்ல ஒரு கரகரப்பு வருது. இது இங்க வந்த ரெண்டே வருஷத்துல அதைப் பத்தி நம்ம ஆட்கள் மூணு பேர் ஆய்வு பண்ணி டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க."

மெக்கானிக்கின் மனைவி பேழைப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். இன்னும் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தவள் கத்தியே விட்டாள்.

"ஏங்க! இது என்னோட நெயில்பாலிஷ்!"

இளநிலைச் செவியின் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

"தம்பி இதுல காலை விட்டுக் கிழிச்சானே, ஞாபகமில்லையா? நீங்கதானே என் நெயில்பாலிஷைத் தடவி ஒட்டினீங்க! புதுப் பாட்டில், ஒரு தடவைகூட நான் போட்டுக்கலை, மொத்தத்தையும் தீர்த்துட்டீங்க!"

மெக்கானிக் பக்கத்தில் போய்ப் பார்த்தார். சந்தேகமே இல்லை. கைப்பிடியில் அவர் சுற்றிய ஃப்ரிட்ஜ் டேப் கூட அப்படியே இருந்தது. பழம்பொருள் கடையில் விற்றது எப்படியோ இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. தொலைந்துபோன பிள்ளையைப் பெரிய உத்தியோகத்தில் பார்த்த தகப்பன் மாதிரி அவர் சிரித்தார். "நல்லா இருக்கியா?" என்று அதனிடம் கேட்டும் விட்டார்.

தலைமைச் செவியின் முகம் அந்த நெயில்பாலிஷை விடச் சிவந்தது. "இது நீதிமன்றத்துக்குச் சமமான இடம்! ஆதார ஒலியைக் கொச்சைப்படுத்தினா என்ன தண்டனை தெரியுமா? இதோ, இப்பவே கேளுங்க. ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வீட்டுல இருந்த சத்தமா இதுன்னு உங்க காதே சொல்லும்!" என்று பேழையைத் திறந்து, சுவிட்சைப் போட்டு, வால்யூமை ஒரே திருகில் கடைசிவரை திருப்பினார்.

"ஐயய்யோ சார், மெதுவா, வால்வு சூடாகணும்..." என்று மெக்கானிக் வாயெடுப்பதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு கொஞ்சம் புகை. பிறகு ஒன்றுமில்லை.

முதலில் அழுதது இளநிலைச் செவி. அவர் இன்னும் தற்காலிகப் பணியாளர். "ஆதார ஒலி போச்சுன்னா இதுவரைக்கும் குடுத்த சான்றிதழ் எல்லாம் எதோட ஒப்பிட்டுக் குடுத்தோம்னு கேப்பாங்களே ஐயா! நாற்பத்து மூணு குடும்பம்! வெளியில காதுல தண்ணி இறைக்கிறவருக்குப் போன மாசம்தான் பெண் குழந்தை பிறந்திருக்கு!"

மெக்கானிக்குக்கு மனசு தாங்கவில்லை. யாருடைய வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோனாலும் தாங்காத மனசு அது. "அழாதீங்க சார். இதோட சத்தம் எங்கேயும் போயிடலை. இந்தப் பெட்டியில அப்படியே இருக்கு" என்று சொல்லி, கிதாரைச் சொருகி, நாலு கம்பியை மீட்டினார்.

அதே குரல். கிழிந்து ஒட்டிய இடத்தில் வரும் அதே கரகரப்பு. மூன்று செவிகளும் எழுந்து நின்றன. தலைமைச் செவி கண்ணீர் வடித்தார். "திரும்பி வந்துட்டியா" என்றார்.

அடுத்த நாலாவது நிமிஷத்தில் தீர்மானம் நிறைவேறியது. டிஜிட்டல் பெட்டிதான் இனி ஆதார ஒலி. வால்வு ஆம்ப்பை இறக்கிவிட்டு, பெட்டியைப் பலகையோடும் கம்ப்ரஸர்களோடும் பேழைக்குள் ஏற்றி, மெழுகு உருக்கி முத்திரை வைத்தார்கள். "இந்த ரெண்டு கறுப்பு உருண்டையும் இதோட நுரையீரல் மாதிரி தெரியுது ஐயா, ஒரு ஆய்வுக்கு இடமிருக்கு" என்று இளநிலைச் செவி அப்போதே குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். மெக்கானிக் கையில் ஒரு ரசீதைக் கொடுத்தார்கள்.

"ரொம்ப சந்தோஷம் சார். என் சான்றிதழ்?"

"கருவி எங்க?"

"நீங்கதானே சார் உள்ள வச்சுப் பூட்டினீங்க!"

"கருவி இல்லாதவருக்குச் சான்றிதழ் குடுக்க விதியில இடமில்லையே" என்று தலைமைச் செவி மெய்யான வருத்தத்தோடு சொன்னார்.

"சரி, இன்னொரு பெட்டி வாங்கி, இதே சத்தத்தை அதுல ஏத்திக்கிட்டு வர்றேன்."

"ஆதார ஒலி மாதிரியே கேட்டா அது போலி. ஆறு மாசம் ஜெயில். ஆதார ஒலி மாதிரி கேக்கலைன்னா தரமில்லாதது, சான்றிதழ் கிடைக்காது. ரெண்டுல எது வசதியோ யோசிச்சுச் சொல்லுங்க." அதற்குள் வெள்ளித் தட்டு வந்துவிட்டது. ஆறு காதுகளிலும் பஞ்சு ஏறியது. அதற்கு மேல் மெக்கானிக்கின் மனைவி அவர்களைப் பார்த்துச் சொன்ன எதுவும் அவர்கள் காதில் விழவில்லை. விழாமல் போனதே அவர்களுக்கு நல்லது.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக மெக்கானிக்குக்கு அந்த அரங்கத்தில் உட்காருவதற்கு நாற்காலி கிடைத்தது. அதில் எப்படி உட்காருவதென்று அவருக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முதல் வரிசையில் மூன்று செவிகளும் பஞ்சோடு அமர்ந்திருந்தார்கள். வாரியம் அனுப்பிய சான்றிதழ்க்காரரின் ஆம்ப்பை நாலு பேர் தூக்கிவந்து, மனைவியின் இடது பக்கத்தில், சரியாக மெக்கானிக் நிற்கும் இடத்தில் இறக்கினார்கள். அதற்கு மேல் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை மாட்டினார்கள். ஆம்ப் சூடேற ஜனங்கள் இருபது நிமிஷம் காத்திருந்தார்கள். சான்றிதழ்க்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். வாசிப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணை மட்டும் அவர் திறக்கவே இல்லை.

இரண்டு பாட்டு தப்பித்தது. மூன்றாவது பாட்டில், முதல் சரணம் முடிந்து பல்லவி முடிந்தது. மனைவியின் இடது தோள் மேலே ஏறியது.

சான்றிதழ்க்காரர் கண்ணை மூடியபடியே சரணத்துக்குள் போய்விட்டார். பாட்டு அவரோடு போய்விட்டது, வரி மட்டும் வரவில்லை. தம்பி சமாளிக்கிறேன் என்று டிரம்ஸை உருட்ட ஆரம்பித்தார், உருட்டிக்கொண்டே இருந்தார். மேடை நடுவில் அந்த அம்மாள் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். தோள் காது வரைக்கும் ஏறிவிட்டது. இருட்டில் தன்னைத்தான் தேடுகிறாள் என்று மெக்கானிக்குக்குத் தெரிந்தது. அவரால் தாங்க முடியவில்லை.

எழுந்து நின்றார். கையில் ஒன்றுமில்லை. வாயைத் திறந்தார்.

"டொய்ய்ய்ங்... டொடொடய்ங்... ட்டொய்ய்ய்ய்ங்..."

அந்த வாயில்லாப் பூச்சிக்கு இவ்வளவு பெரிய குரல் எங்கிருந்து வந்ததோ, அரங்கமே திரும்பிப் பார்த்தது. யாரோ ஒருவர் கெக்கெக்கே என்று சிரித்தார். மெக்கானிக் யாரையும் பார்க்கவில்லை. தோளை மட்டும் பார்த்துக்கொண்டு, கிதாரில் போடுகிற அத்தனை நெளிவையும் வாயால் போட்டு இழுத்தார். கிழிந்த ஸ்பீக்கரின் கரகரப்பு தொண்டையில் தானாக வந்தது. மனைவி அவரைக் கண்டுபிடித்தாள். மேடையிலேயே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. தோள் இறங்கியது, வரி வந்தது, சிரித்துக்கொண்டே பாடினாள். கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது. வருஷா வருஷம் கும்பிடும் அந்த ரசிகர் நாற்காலி மேல் ஏறி நின்று கும்பிட்டார்.

"அங்க என்ன நின்னுட்டிருக்கீங்க? மேல வாங்க!" என்றாள் மைக்கில்.

படிக்கட்டில் வாரியத்தின் இன்ஸ்பெக்டர் கையை நீட்டித் தடுத்தார். "சான்றிதழ்?"

"எதுக்கு சார்? கருவி ஒண்ணுமில்லையே" என்று மெக்கானிக் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். இன்ஸ்பெக்டர் விதிப் புத்தகத்தைப் புரட்டி 'வ' வரிசைக்கு வந்து சேர்வதற்குள் அவர் மேடை ஏறிவிட்டார். சான்றிதழ்க்காரருக்கும் மனைவிக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடத்தில் போய் நின்றுகொண்டார். மிச்சம் இருந்த ஒன்பது பாட்டுக்கும் வாயாலேயே வாசித்தார். சான்றிதழ்க்காரர் கண்ணைத் திறக்காததால் அவருக்கு அது தெரியவே தெரியாது. கைத்தட்டல் எல்லாம் தனக்கென்று நினைத்து அடிக்கடி தலை வணங்கினார்.

கூச்சல் பஞ்சைத் துளைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். தலைமைச் செவி விதியை மறந்து பஞ்சைப் பிடுங்கிப் போட்டார். கேட்டார். தன்னை மறந்து கண்ணையும் மூடினார்.

"ஆகா! அறுபது வருஷத்துக் கண்ணாடிக் குமிழ்! எந்த வால்வுய்யா இது?"

"ஐயா, அது வாய்" என்றார் இளநிலைச் செவி மெதுவாக.

"சும்மா இருய்யா. என் காதுக்குத் தெரியாதா?" என்றவர் கண்ணைத் திறந்தார். மெக்கானிக் வாயை அகலத் திறந்து 'டொய்ங்' என்றுகொண்டிருந்தார். தலைமைச் செவி பஞ்சைத் தேடிக் குனிந்தவர் கச்சேரி முடியும்வரை நிமிரவில்லை.

இரண்டு நாள் மெக்கானிக்குக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சைகையிலேயே ஃப்ரிட்ஜ் பழுது பார்த்தார். ஆனால் அவர் முகத்தில் இருந்த சிரிப்பை யாராலும் பழுது பார்க்க முடியவில்லை. புதன்கிழமை மாலை வாரியத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த மனைவி, சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதை உரக்கப் படித்தாள்.

'பொருள்: பதிவு செய்யப்படாத வாய். கடந்த சனிக்கிழமை மாலை நகர அரங்கில் தங்கள் வாயிலிருந்து ஆதார ஒலியை முற்றிலும் ஒத்த ஒலி வெளிப்பட்டதை வாரியம் கண்ணுற்றது. மேற்படி வாயை ஏழு வேலை நாட்களுக்குள் மூன்றாம் மாடியில் நேரில் ஒப்படைத்து, உரிய ரசீதைப் பெற்றுக்கொள்ளுமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறீர்கள்.'

தம்பி பொங்கிப் பொங்கிச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் பாவம் போலத் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"குடுத்துட்டு வாங்க" என்றாள் மனைவி. "வீடாவது நாலு நாள் நிம்மதியா இருக்கும்."

கடிதத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஆனா சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள திருப்பிக் குடுத்துடணும்னு கண்டிப்பாச் சொல்லிடுங்க. எனக்கு ரெண்டாவது சரணம் இருக்கு."